காண்ட்ராக்ட் விட்டுவிட்டு வருகைப்பதிவு கேட்பவர்கள்

வீடு கட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கொத்தனாருக்கு நாள் கூலி என்றால், காலை ஒன்பது மணிக்கு வந்தாரா, டீக்கு எத்தனை முறை இறங்கினார், மாலையில் எப்போது கரண்டியைக் கழுவி வைத்தார் என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அதே வேலையைச் சதுர அடிக் கணக்கில் மேஸ்திரியிடம் விட்டுவிட்டால், எத்தனை ஆள் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பதெல்லாம் மேஸ்திரி பாடு. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா, சொன்ன தேதிக்கு முடிந்ததா என்பதை மட்டும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

சதுர அடிக் கணக்கில் விட்டுவிட்டு, தினமும் வாசலில் நின்று "ஏன் தாமதம்?" என்று கேட்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் மேஸ்திரி சொன்னது என் காதில் விழுந்தது: "நேரம் கேட்பதாக இருந்தால் நாள் கூலி கொடுங்கள் ஐயா. சதுர அடி என்றால் சுவரை மட்டும் பாருங்கள்." கணினி முன்னால் உட்கார்ந்து தொழில் செய்கிற நம்மில் பலருக்கு அந்தத் தெளிவு இருப்பதில்லை. எனக்கும் இருக்கவில்லை.

நான் தனியாகத் தொழில் நடத்தும் வடிவமைப்பாளன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டேன். மாதத்துக்கு இத்தனை வேலை, இத்தனை தொகை, மாதக் கடைசியில் நான் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும். "இந்த ஒப்பந்தம் முதலாளி-ஊழியர் உறவை ஏற்படுத்தாது" என்று நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. முதல் இரண்டு மாதங்கள் நன்றாகப் போயின. மூன்றாம் மாதம் ஒரு நாள் காலை 10.12-க்கு வாட்ஸ்அப் செய்தி: "எங்கே இருக்கிறீர்கள்?" வீட்டில், என் மேசையில்தான் இருந்தேன். அடுத்த வாரம் முதல் வாரத்துக்கு நான்கு நாள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். பிறகு விரல்ரேகை வைக்கச் சொன்னார்கள். உறவுக்காரர் திருமணத்துக்கு இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன் என்றதும் எச்.ஆரிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் "விடுப்புக்கான காரணம்" என்று ஒரு கட்டம். அதை நிரப்பியும் அனுப்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆயுத பூஜையன்று அலுவலகத்தில் எல்லாக் கணினிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நான் பையில் தூக்கிக்கொண்டு வந்த என் சொந்த லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு கிடைத்தது. பொரி கடலையும் கிடைத்தது. தீபாவளி போனஸ் பட்டியலில் மட்டும் என் பெயர் இல்லை. கேட்டபோது, "சார், நீங்கள் கன்சல்டன்ட் அல்லவா?" என்றார்கள். சரிதான். ஆனால் கன்சல்டன்டிடம் எதற்கு விரல்ரேகை?

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

தமிழில் "ஒப்பந்தப் பணி" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகை மனிதர்களை அடைத்துவைத்திருக்கிறோம். பாதிக் குழப்பம் அதனால்தான்.

ஒரு ஏஜென்சியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொரு நிறுவனத்தில் வேலை செய்கிற காவலாளி, துப்புரவுப் பணியாளர், ஆலைத் தொழிலாளி ஆகியோர் ஒரு வகை. இவர்கள் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இவர்களுக்கென்றே 1970-இல் தனிச்சட்டம் வந்தது. இரண்டாவது வகை, இத்தனை மாதத்துக்கு என்று நேரடியாக வேலைக்கு எடுக்கப்படுபவர்கள். அரசு மருத்துவமனையில் "ஒப்பந்த அடிப்படையில்" என்று சேர்க்கப்படும் செவிலியர்கள் உதாரணம். காலம் குறுகியது என்றாலும் இவர்கள் ஊழியர்களே.

இந்தக் கட்டுரை மூன்றாவது வகையைப் பற்றியது. தானே ஒரு தொழில் நடத்துபவர், தன் வேலையைப் பலருக்கு விற்பவர், இன்வாய்ஸ் போடுபவர். ஃப்ரீலான்ஸர், கன்சல்டன்ட், தனி ஒப்பந்ததாரர் என்று எப்படியும் சொல்லலாம். அவருக்கு எதிரே இருப்பவர் வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளர் மெதுவாக முதலாளியாக மாறிக்கொண்டே வருவதுதான் பிரச்சினை. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இது நடப்பதில்லை. உங்களிடம் வேலை வாங்கும் மேலாளருக்கு ஊழியர்களை நடத்தத்தான் தெரியும், அதே பழக்கத்தில் உங்களையும் நடத்துகிறார். நாமும் "நல்ல வாடிக்கையாளர், மாதாமாதம் பணம் வருகிறது" என்று தலையாட்டிக்கொண்டே போகிறோம்.

இதனால் என்ன நட்டம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு மாதம் 60,000 ரூபாய் சம்பளம், அதில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வையுங்கள். உங்களுக்கும் மாதம் 60,000 ரூபாய் இன்வாய்ஸ். பார்வைக்குச் சமம்தான்.

அவருக்கு நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வைப்புநிதி, அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம்: 3,600 ரூபாய். (அடிப்படைச் சம்பளத்தில் 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு நிறுத்திக்கொள்ளும் நிறுவனம் என்றால் 1,800.) பணிக்கொடை ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற சட்டக் கணக்கில், 30,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 17,308 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 1,440. நிரந்தர ஊழியர் அதைக் கையில் வாங்க ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அடுத்தது விடுப்பு. சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, 10 நாள் பண்டிகை விடுமுறை என்றால் 22 நாள். ஆண்டுக்கு 260 வேலை நாள் என்று கொண்டால் ஒரு நாளின் விலை 2,769 ரூபாய். 22 நாளுக்கு 60,923, அதாவது மாதத்துக்கு 5,000-க்கு மேல். வராத நாளுக்குப் பணம் பிடிக்கும் வாடிக்கையாளரிடம் இது முழுக்க உங்கள் நட்டம்.

மூன்றையும் கூட்டினால் மாதம் ஏறத்தாழ 10,000 ரூபாய். மருத்துவக் காப்பீடு, உங்கள் லேப்டாப்பின் தேய்மானம், வேலையே வராத மாதங்கள் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. பெண் ஊழியருக்குச் சட்டம் தரும் 26 வார மகப்பேறு விடுப்பைச் சேர்த்தால் இடைவெளி எங்கோ போய்விடும்.

ஃப்ரீலான்ஸர் இதையெல்லாம் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார். பதிலாக அவருக்குக் கிடைப்பது சுதந்திரம்: தன் நேரம், தன் முறை, வேறு வாடிக்கையாளர்கள், கூடுதல் கட்டணம். அந்தச் சுதந்திரத்தை வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டு, ஊழியருக்குத் தருவதையும் தராமல் விட்டால், நீங்கள் இரண்டு பக்கமும் தோற்கிறீர்கள்.

சட்டம் எதைப் பார்க்கிறது?

ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எழுதியதைவிட நடந்ததற்கே நீதிமன்றங்கள் அதிக எடை கொடுத்திருக்கின்றன. இதற்கு நம் நாட்டு வழக்குகளே போதும்.

உச்ச நீதிமன்றம் 1956-இல் தீர்ப்பளித்த தராங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கு சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. (ஆறுமுகனேரி பக்கம் சாகுபுரத்தில் பின்னாளில் வந்த டி.சி.டபிள்யூ. ஆலையின் மூன்றெழுத்து இந்த நிறுவனத்தின் பெயர்தான்.) அகாரியாக்கள் எனப்படும் அந்தத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உப்பளத்தில் வேலை செய்தார்கள். விரும்பினால் கூடுதல் ஆட்களையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். வேலை நேரம் கிடையாது, வருகைப்பதிவேடு கிடையாது, விடுப்பு விதிகள் கிடையாது. விளைந்த உப்புக்கு எடைக் கணக்கில் பணம். எந்தப் பக்கம் திரும்பினாலும் காண்ட்ராக்ட் போலத்தான் தெரியும். ஆனால் பாத்திக்கு நீர் விடுவது முதல் உப்பைத் தரம் பார்ப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்தின் ஆட்கள் நின்று மேற்பார்த்தார்கள். வேலையின் முறையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நிறுவனத்திடம் இருந்ததால், அகாரியாக்கள் தொழிலாளர்களே என்ற முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1973-இன் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. தையல்காரர்களுக்குத் துண்டுக் கணக்கில் கூலி. வராவிட்டால் விடுப்புக் கடிதம் தரவேண்டியதில்லை. கடை மூடுமுன் கிளம்பிப் போகலாம். சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் ஊழியர்களே என்றது உச்ச நீதிமன்றம். எப்படித் தைக்க வேண்டும் என்று கடை சொல்கிறது, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்கிறது, தையல் இயந்திரங்களும் கடையுடையவை. கட்டுப்பாடு என்ற ஒற்றை அளவுகோல் போதாது, பலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கருவி யாருடையது என்பதும் அதில் ஒன்று. குங்குமம் வைத்த என் லேப்டாப் நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான். கருவி என்னுடையது என்பது நான் ஃப்ரீலான்ஸர் என்பதற்குச் சான்று. அதன் பக்கத்திலேயே இருந்த விரல்ரேகைக் கருவி நேர் எதிரான சான்று.

பீடித் தொழிலிலும் இது பழைய கதை. சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், முதலாளிக்கும் பீடி சுற்றுபவர்களுக்கும் இடையே "காண்ட்ராக்டர்கள்" இருந்தார்கள். புகையிலையும் இலையும் முதலாளியுடையவை, இடைப்பட்டவர் வெறும் முகவர், ஒப்பந்தம் கண்துடைப்பு என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் கண்டது. 1978-இல் கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை வழக்கான ஹுசைன்பாய் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், தொழிலாளியின் பிழைப்பும் திறனும் தொடர்ந்த வேலையும் யாருடைய பொருளாதாரப் பிடியில் இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னார்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று மட்டும், நம் அலுவலகச் சூழலுக்கு மிக நெருங்கியது என்பதால். 1980-களின் இறுதியில் மைக்ரோசாஃப்டில் நூற்றுக்கணக்கான ஃப்ரீலான்ஸர்கள் இருந்தார்கள். நிரந்தர ஊழியர்களோடு அதே கட்டடத்தில், அதே மேலாளரின் கீழ், அதே நேரத்தில் வேலை. நுழைவு அட்டையும் கருவிகளும் நிறுவனமே கொடுத்தது. அட்டையின் நிறம் மட்டும் வேறு. மின்னஞ்சல் முகவரி வேறு. நிறுவன விழாக்களுக்கு அழைப்பு கிடையாது. தங்கள் வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கவும் அனுமதி இல்லை. ஊதியப் பட்டியலில் சேர்க்காமல், இன்வாய்ஸ் அனுப்பச் சொல்லிக் கணக்குப் பிரிவு மூலம் பணம் கொடுத்தார்கள். அவர்கள் ஊழியர்களே என்று அமெரிக்க வரித்துறை முடிவு செய்தது. ஊழியருக்குரிய பங்குத் திட்டம் எங்களுக்கு ஏன் இல்லை என்று 1992-இல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் 9.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. தாங்கள் தனி ஒப்பந்ததாரர்கள் என்று அவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கையெழுத்து நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நாளையே நீதிமன்றம் போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சட்டத்திலும் "ஊழியர்" என்பதற்கு ஒவ்வொரு வரையறை. வைப்புநிதி விதிகளில் ஊழியராகத் தெரிகிறவர், நிர்வாகப் பொறுப்பில் இருப்பதால் தொழில் தகராறு விதிகளில் தொழிலாளி ஆகாமல் போகலாம். உணவு கொண்டுவருபவர்கள், செயலி வழி டாக்சி ஓட்டுநர்கள் ஆகியோருக்கு 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தனிப் பெயரே வைத்துவிட்டது. வழக்கமான முதலாளி-ஊழியர் உறவுக்கு வெளியே நிற்கும் கிக் தொழிலாளர்கள் என்று அது அவர்களைச் சொல்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், செயலி நிறுவனங்கள் ஆண்டு வணிகத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது. அது தனியாகப் பேச வேண்டிய கதை.

வரியும் காப்புரிமையும்

வரித்துறையிலும் இதே பிரிவினை உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சம்பளத்துக்கு 192-ஆம் பிரிவின்படி டி.டி.எஸ். பிடிப்பார்கள், தொழில்முறைக் கட்டணத்துக்கு 194ஜே, பெரும்பாலும் 10 சதவீதம். புதிய சட்டத்தில் எண்கள் மாறியிருக்கின்றன, பிரிவினை மாறவில்லை. 194ஜே-யில் பிடித்தார்கள் என்பதாலேயே நீங்கள் ஃப்ரீலான்ஸர் ஆகிவிடுவதில்லை. மருத்துவமனைகளில் "கன்சல்டன்ட்" என்று இருக்கும் மருத்துவர்கள் விஷயத்தில், அது சம்பளமா கட்டணமா என்று வரித்துறை பலமுறை வழக்காடியிருக்கிறது. சம்பளம் என்று முடிவானால் வாடகை, லேப்டாப், இணையக் கட்டணம் என்று நீங்கள் கழித்த செலவுகளுக்கும் ஆபத்து. ஆகவே இந்தக் கலப்படம் வாடிக்கையாளருக்கு மட்டுமே தலைவலி என்று எண்ண வேண்டாம்.

காப்புரிமை, அதாவது காபிரைட், இதைவிடச் சுவாரசியமானது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஊழியர் தன் பணியின் பகுதியாக உருவாக்கிய படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளி. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. ஃப்ரீலான்ஸர் எழுதிய நிரலுக்கும் கட்டுரைக்கும் முதல் உரிமையாளர் ஃப்ரீலான்ஸரே. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. வைப்புநிதி கேட்டால் "நீங்கள் வெளியாள்" என்கிற அதே நிறுவனம், கோப்புகளின் உரிமை பற்றிய பேச்சு வந்ததும் "நம் அலுவலகத்தில் நம் ஆளாக இருந்து செய்த வேலைதானே" என்கிறது. எனக்கு இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன.

என்ன செய்யலாம்?

உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் நீங்கள் தெளிவாக வேண்டும். நிரந்தர வேலைதான் வேண்டும் என்றால், ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகாமல் நேராகக் கேளுங்கள். வருகைப்பதிவும் விடுப்புப் படிவமும் அப்போது உங்களுக்கு ஆதாரம், மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள். வேலை பறிபோகும் பயம் நியாயமானது. ஆகவே தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு அதன்பின் வாயைத் திறப்பது நல்லது.

ஃப்ரீலான்ஸராகவே இருக்க வேண்டும் என்றால் பேச்சிலிருந்து தொடங்குங்கள். "நாளை விடுப்பு கிடைக்குமா?" என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, "வியாழன், வெள்ளி நான் கிடைக்கமாட்டேன். திங்கட்கிழமை ஒப்படைப்பில் மாற்றம் இல்லை" என்று எழுதுங்கள். முதல் முறை விரல் நடுங்கும். எனக்கு வந்த பதில் ஒரு கட்டைவிரல் படம் மட்டுமே.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நேரத்தை எடுத்துவிட்டு ஒப்படைக்க வேண்டிய வேலையை எழுதுங்கள்: இத்தனை பக்கம், இந்தத் தேதி, இத்தனை முறை திருத்தம். கூட்டங்களுக்கு வாரத்துக்கு இத்தனை மணி என்று வரம்பு வையுங்கள், மிஞ்சினால் மணிக்கணக்கில் கட்டணம். மற்ற வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யக்கூடாது என்ற விதி இருந்தால், அதற்கு ஏற்ற தொகை இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக்கூடாது என்று மிரட்டினால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பெரும்பாலும் உங்கள் பக்கம் நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுங்கள். வருமானம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருகிறவரால் மேற்கண்ட எதையும் உறுதியான குரலில் சொல்ல முடியாது.

அந்த நிறுவனத்தோடு அடுத்த ஒப்பந்தம் பேசும்போது இரண்டு விலை எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்துக்கு வந்து அவர்கள் நேரத்தில் உட்கார்ந்தால் ஒரு விலை. வேலையை மட்டும் முடித்துக் கொடுத்தால் அதைவிட 30 சதவீதம் குறைவு. மேலாளர் தாளை இரண்டு முறை புரட்டினார். "உட்காருவதற்கா இவ்வளவு?" என்றார். "ஆமாம்" என்றேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். விரல்ரேகைக் கருவியிலிருந்து என் பெயரை எடுக்க மட்டும் மூன்று மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு மாலையும் "இன்று உங்கள் வருகை பதிவாகவில்லை" என்று குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது.